பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: சென்னைக் கலைப் பள்ளி கடந்து வந்த பாதை

ஓவியம், சிற்பம், வடிவமைப்பு ஆகிய காட்சிக் கலைகளைப் பட்டப் படிப்பாகக் கற்பது இன்று தமிழ்நாட்டில் இயல்பான செய்தி. நான்கு ஆண்டுகள் பயின்று நுண்கலையில் இளநிலைப் பட்டமும், மேலும் இரண்டு ஆண்டுகள் பயின்று முதுநிலைப் பட்டமும் ஒருவர் பெறலாம். ஆனால் இந்த நிலையை எட்டுவதற்குக் காட்சிக் கலைகள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1857-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1850-இல், அதே நகரில் கலைப் பள்ளி ஒன்று தோன்றியிருந்தது. ஒரே நகரில், ஒரே ஆட்சியின் கீழ் வளர்ந்த இவ்விரு நிறுவனங்களும் நூறாண்டுகளுக்கு மேல் தனித்தனி வழியிலேயே சென்றன. நூலறிவு மேலானது, கைத்திறன் அதற்கு அடுத்த படியில் நிற்பது என்ற எண்ணமே அவற்றைப் பிரித்து வைத்தது. கையையும் கருத்தையும் சேர்த்துப் பயிற்றிய காலங்களில் அப்பள்ளி செழித்தது, அவற்றைப் பிரித்த காலங்களில் தளர்ந்தது என்பதே அதன் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகால வரலாறு உணர்த்தும் உண்மை.

பள்ளிக்கு முந்திய பயிற்சி

கலைப் பள்ளி தோன்றுவதற்கு முன் தமிழகத்தில் கலைக்கல்வி இல்லை என்று கருதுவது பிழை. கல், மரம், இரும்பு, செம்பு, பொன் ஆகிய ஐவகைப் பொருள்களில் தொழில் செய்த கம்மாளர் குடும்பங்களில் தந்தையும் தாய்மாமனுமே ஆசிரியர்களாக இருந்தனர். பட்டறையே பள்ளியாக இருந்தது. சிறுவன் முதலில் உளி தீட்டுவான், துருத்தி ஊதுவான், மண் பிசைவான். பின்னரே உருவம் செய்யும் வேலை அவன் கைக்கு வரும். அப்பயிற்சி வெறும் கைப்பழக்கமாக நின்றுவிடவில்லை. தாலமானம் எனப்படும் அளவை முறை, அதாவது முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உருவத்தின் உறுப்புகள் அனைத்தையும் கணக்கிடும் முறை, அவர்களுடைய கணிதமாக இருந்தது. சுவாமிமலைத் தபதியர் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துப் பகுதிகளைக் குறித்துக்கொண்டு படிமம் வார்ப்பதை இன்றும் காணலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவத்தைச் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றும் அம்முறையில் எங்கே கைவேலை முடிகிறது, எங்கே அறிவு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது.

அப்பயிற்சிக்கு இரு குறைகள் இருந்தன. ஒன்று, அது பிறப்பால் வரையறுக்கப்பட்டது. குலத்துக்கு வெளியே பிறந்தவருக்கு அதன் கதவு எளிதில் திறக்கவில்லை, பெண்களுக்கோ பெரும்பாலும் திறக்கவே இல்லை. இரண்டு, அது கோயிலையும் அரண்மனையையும் நம்பி வாழ்ந்தது. அரசுகள் வீழ்ந்து கொடைகள் சுருங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் பொருளாதார அடித்தளமே ஆட்டம் கண்டது. இயந்திரத் துணியும் இறக்குமதிப் பண்டங்களும் சந்தையை நிறைத்த அக்காலத்தில்தான் புதிய பள்ளி பிறந்தது.

மருத்துவர் தொடங்கிய பள்ளி

அதைத் தொடங்கியவர் கலைஞர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் இருந்த அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், 1850-இல் பாப்பம்ஸ் பிராட்வே பகுதியில், இன்று பிரகாசம் சாலை எனப்படும் இடத்தில், தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் திறந்தார். மறு ஆண்டு அதனுடன் தொழிற்பள்ளி ஒன்றும் சேர்ந்தது. 1852-இல் இரண்டும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம்பெயர்ந்தன. அரசு நுண்கலைக் கல்லூரி இன்றும் அதே சாலையில்தான் இயங்குகிறது. 1855-இல் அரசு அவற்றை ஏற்று, ஒரே தொழிற்கலைப் பள்ளியாக ஆக்கியது. கல்கத்தாவில் 1854-இலும், பம்பாயில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் கொடையால் 1857-இலும், லாகூரில் 1875-இலும் தோன்றிய கலைப் பள்ளிகளுக்குச் சென்னைப் பள்ளியே மூத்தது.

ஹண்டர் 1868 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மக்களின் ரசனையை உயர்த்துவதும், அன்றாடப் பயன்பாட்டுக்குரிய பொருள்களை நேர்த்தியாகச் செய்யப் பழக்குவதும் அவருடைய இரட்டை நோக்கங்களாக இருந்தன. கலைப் பிரிவில் கோட்டுச் சித்திரம், வடிவியல், மர அச்சுச் செதுக்கு, கல்லச்சு ஆகியவை பயிற்றப்பட்டன. தொழிற் பிரிவில் செங்கல், ஓடு, சுடுமண் அலங்காரங்கள், பானை வனைதல் ஆகியவை இடம்பெற்றன. புகைப்படக் கலை உலகுக்கே புதிதாக இருந்த 1850களில் அப்பள்ளி அதையும் பாடமாக்கியது. 1856-இல் சென்னையில் புகைப்படச் சங்கம் அமைவதற்கும் ஹண்டரே முன்னின்றார்.

பாடத்திட்டத்தின் வேர் லண்டனில் இருந்தது. அங்குள்ள சவுத் கென்சிங்டனில் ஹென்றி கோல் தலைமையில் இயங்கிய அறிவியல் கலைத் துறை, வரைதலை 23 படிநிலைகளாக வகுத்து வைத்திருந்தது. மாணவர் முதலில் அச்சிட்ட கோட்டுருவத்தைப் பார்த்து வரைவார். பின்னர் வடிவியல் உருவங்கள், அதன் பின் கிரேக்க, ரோமானியச் சிற்பங்களின் சுண்ணப் படிவங்களை வைத்து ஒளிநிழல் பயிற்சி. வண்ணம் வெகுநாள் கழித்தே வரும். ஆலைகளுக்கு வடிவமைப்பாளர்களை உருவாக்க வேண்டி ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக்காக வகுத்த அம்முறை, ஆலைகளே அரிதான சென்னைக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. இதில் பெரும் முரண்பாடு ஒன்று இருந்தது. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இந்திய நெசவும் உலோக வேலையும் ஐரோப்பிய வடிவமைப்பாளர்களுக்கே பாடமாக அமையத் தக்கவை என்று ஓவன் ஜோன்ஸ் போன்ற அறிஞர்கள் பாராட்டினர். அப்பொருள்களைச் செய்தவர்களின் நாட்டிலோ, ரசனையைக் கற்பிக்க ஐரோப்பியச் சுண்ணப் படிவங்கள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

எந்த மரபை நோக்கித் திரும்புவது?

ஹண்டருக்குப் பின் வந்தவர்கள் அம்முரண்பாட்டை உணர்ந்தனர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் விடை தேடினர். 1877-இல் பொறுப்பேற்ற ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை எழுப்பிய கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகத்துக்கு அழகிய மண்டபம் கட்டித் தந்தவரே கலைப் பள்ளிக்கும் தலைவராக இருந்தார். ஆனால் அவர் தலைமையேற்ற பள்ளியின் மாணவருக்கு அம்மண்டபத்தில் பட்டம் பெறும் தகுதி இல்லை. அக்காலக் கல்வியமைப்பின் பிளவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

1884-இல் சென்னைக்கு வந்த எர்னஸ்ட் பின்ஃபீல்ட் ஹாவெல், மாகாணத்தின் கைத்தொழில்களை நேரில் ஆராய்ந்து, உள்நாட்டு மரபே கலைக்கல்வியின் அடித்தளமாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பின்னர் 1896-இல் கல்கத்தாக் கலைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது, அங்கிருந்த ஐரோப்பிய மாதிரிகளை விலக்கி முகலாயச் சிற்றோவியங்களை மாணவர் முன் வைத்ததும், அவனீந்திரநாத் தாகூரை அப்பள்ளிக்குள் அழைத்து வந்ததும் இந்தியக் கலை வரலாற்றின் திருப்புமுனைகள். வங்காளத்தில் அவர் செய்த மாற்றங்களுக்கான சிந்தனை தென்னாட்டு நெசவாளர்களையும் கன்னார்களையும் கண்ட ஆண்டுகளிலேயே உருவாகத் தொடங்கியது என்பது தமிழ் வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. யாழ்ப்பாணத் தமிழரான முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1909-இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலும் இதே திசையில் வாதிட்டது. பட்டறையில் குருவிடம் பெறும் பயிற்சியில் தொழிலோடு பண்பாடும் சேர்ந்தே கைமாறுகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

ஹாவெலுக்குப் பின் பள்ளி வேறு திசையில் நகர்ந்தது. பொறியியலாளரான ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அதன் வெற்றியால் 1900-இல் தனி நிறுவனமே உருவாகி, அலுமினியப் பாத்திரங்கள் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தன. தொழில் வளர்ச்சியின் நோக்கில் இது பெரும் சாதனை. கலைக்கல்வியின் நோக்கில், பள்ளி தொழிற்கூடமாக மாறும் போக்கு அப்போது உச்சத்தை எட்டியது. பின்னர்த் தலைமையேற்ற டபிள்யூ. எஸ். ஹாடவே தென்னிந்திய உலோகக் கலைப் பொருள்களைப் பற்றி 1913-இலும், சென்னை மாகாணத்தின் துணி ஓவியம், துணி அச்சு ஆகியவற்றைப் பற்றி 1917-இலும் நூல்களை வெளியிட்டு, மறைந்துகொண்டிருந்த வேலைப்பாடுகளை ஆவணமாக்கினார்.

ராய் சௌத்ரியும் பணிக்கரும்

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றபோது, அப்பள்ளி முதல் முறையாக ஓர் இந்தியரின் தலைமைக்கு வந்தது. அவர் அவனீந்திரநாத்தின் மாணவர். ஹாவெல் தென்னாட்டிலிருந்து வடக்கே கொண்டு சென்ற சிந்தனையின் ஒரு கிளை ஒரு தலைமுறை கழித்து இவ்வாறு சென்னைக்கே திரும்பியது. ஆயினும் ராய் சௌத்ரி எந்த முகாமுக்கும் கட்டுப்பட்டவராக இருக்கவில்லை. உயிருள்ள மனிதரை முன்னிறுத்தி வரைதல், வெளிப்புறக் காட்சிகளைத் தீட்டுதல், களிமண்ணில் உருவம் சமைத்து வெண்கலத்தில் வார்த்தல் ஆகியவற்றை அவர் பயிற்சியின் மையத்தில் வைத்தார். பாத்திரமும் ஓடும் விற்பதில் தங்கியிருந்த பள்ளியின் பெருமை, கலைஞரை உருவாக்குவதற்கு இடம் மாறியது. மெரினா கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளரின் சிலையும், அதே கடற்கரையில் கோலூன்றி நடக்கும் காந்தியின் சிலையும் அவர் படைப்புகள். இரண்டும் 1959-இல் திறக்கப்பட்டன. 1954-இல் தில்லியில் லலித் கலா அகாதெமி நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே.

அவரிடம் பயின்று, 1957-இல் அவருக்குப் பின் தலைமையேற்றவர், கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர். மாணவராக இருந்து ஆசிரியராகி, 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்த அவர், நவீன ஓவியன் ஐரோப்பாவைப் பின்பற்றாமலும் பழமையைப் படியெடுக்காமலும் தன் மொழியை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். ஜாதகக் கட்டம், ஏட்டெழுத்து, கணிதக் குறி ஆகியவற்றை ஓவியத்தின் உறுப்புகளாக்கி 1963 முதல் அவர் வரைந்த சொற்களும் குறிகளும் என்ற வரிசை அக்கேள்விக்கு அவரே தேடிய விடை. பள்ளியும் கல்லூரி என்ற தகுதிக்கு உயர்ந்தது. எஸ். தனபால், ஏ. பி. சந்தானராஜ், எல். முனுசாமி ஆகியோர் ஆசிரியர்களாக இருந்த அக்காலத்தில், கோட்டின் வலிமையையே ஓவியத்தின் உயிராகக் கொள்ளும் போக்கு அங்கு வேரூன்றியது. பிற்காலத்தில் சென்னைக் கலை இயக்கம் என்று பெயர் பெற்றது அதுவே. கே. எம். ஆதிமூலம், ஆர். பி. பாஸ்கரன் போன்றோர் அவ்வூற்றிலிருந்து வந்தவர்கள், டி. கே. பத்மினி, அர்னவாஸ் ஆகிய பெண் ஓவியர்களும் அங்கு பயின்று தமக்கெனத் தனி நடை கண்டனர். குலப் பட்டறைகள் மூடி வைத்திருந்த கதவைப் பொதுப் பள்ளி திறந்து வைத்ததன் பயன் இது. ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களின் பக்கங்களிலும் புத்தக அட்டைகளிலும் இடம்பெற்று, ஓவியக் கூடத்துக்குச் செல்லாத தமிழ் வாசகரின் கண்ணையும் பழக்கின.

பட்டயம் பெற்று வெளியேறும் மாணவர் எப்படி வாழ்வார் என்பது பணிக்கரை வருத்திய கேள்வி. பலர் விளம்பர நிறுவனத்துக்கோ துணி ஆலைக்கோ வேலைக்குச் சென்று, ஓவியத்தை விட்டுவிட்டனர். அவர் தலைமையில் கலைஞர்கள் கூடி, பாதிக் எனப்படும் மெழுகுத் தடுப்புச் சாய முறையில் துணிகளைத் தீட்டியும், உலோகம், தோல் ஆகியவற்றில் கைவினைப் பொருள்கள் செய்தும் விற்று, அப்பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். இந்நிகழ்வின் உட்பொருள் ஆழமானது. தொழிற்பள்ளி என்ற பழைய பெயரோடு ஒதுக்கப்பட்டிருந்த கைவினையே நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டது. பி. வி. ஜானகிராமின் செம்புத் தகட்டுச் சிற்பங்களில், கோயில் கவசம் செய்யும் கன்னாரின் உத்தியும் நவீனச் சிற்பியின் பார்வையும் ஒன்றாயின.

பல்கலைக்கழகத்தின் வாயில்

இதற்கிடையே, இந்தியாவின் வேறு பகுதிகளில் கலை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்திருந்தது. சாந்திநிகேதனில் 1919-இல் தொடங்கிய கலாபவனம், விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகவே வளர்ந்தது. ஆயினும் மற்றப் பாடங்களுக்கு நிகரான பட்டப் படிப்பாகக் காட்சிக் கலையை முறையாக வகுத்த பெருமை பரோடாவைச் சாரும். 1949-இல் நிறுவப்பட்ட மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், துணைவேந்தர் ஹன்சா மேத்தாவின் காலத்தில், 1950-இல் நுண்கலைப் புலத்தைத் தொடங்கியது. ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை ஆகியவற்றோடு கலை வரலாறும் அழகியலும் அங்கே இன்றியமையாத பாடங்களாயின. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, பின்பு சாந்திநிகேதன் சென்ற தமிழ்க் குடும்பத்தவரான கே. ஜி. சுப்ரமணியன் அப்புலத்தின் தலைசிறந்த ஆசிரியர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். பொம்மை, நெசவு, சுடுமண், சுவரோவியம் ஆகியவற்றைத் தாமே செய்தும், அவற்றைப் பற்றிச் சிந்தித்து எழுதியும், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கையும் கருத்தும் கூடி வாழ முடியும் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

தமிழகத்தின் பல்கலைக்கழகங்கள் கலையையே புறக்கணித்தன என்று சொல்வதற்கில்லை. சிதம்பரத்தில் 1929-இல் ராஜா அண்ணாமலை இசைக் கல்லூரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1930களிலேயே இசை பாடமாகிவிட்டது. இசைக்குத் திறந்த கதவு ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் திறப்பதற்குப் பல பதிற்றாண்டுகள் ஆயின. இசையைச் சுற்றி இலக்கண நூல்களும் சபைகளும் கற்றறிந்த ரசிகர் கூட்டமும் இருந்தன. உளியும் தூரிகையும் பிடித்த கைகளுக்கு அத்தகைய சமூக மதிப்பு வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சென்னைக் கலைக் கல்லூரியின் பட்டயப் படிப்புகள் பட்டப் படிப்புகளாக உயர்ந்தன. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்று, வை. கணபதி ஸ்தபதியின் தலைமையில் வளர்ந்த சிற்பக் கல்வி நிறுவனமும், குலப் பயிற்சியில் வழங்கிய தாலமானத்தையும் மனை நூலையும் பட்டத்துக்குரிய பாடங்களாக்கியது. 2013-இல் தமிழ்நாடு அரசு இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் நிறுவியபோது, சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம் ஆகிய மூன்று ஊர்களின் கல்லூரிகளும் அதன் குடையின் கீழ் வந்தன.

இம்மாற்றத்தின் பயன்கள் பெரியவை. தான் பிடித்த தூரிகைக்குப் பின்னே எத்தனை நூற்றாண்டுகள் நிற்கின்றன என்பதைக் கலை வரலாறு மாணவருக்குக் காட்டுகிறது. பட்டம் என்பது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வுக்கும் வழி திறக்கிறது. ஆனால் பருவத் தேர்வும் மதிப்பெண்ணும் பட்டறையின் காலக் கணக்கோடு எளிதில் பொருந்துவதில்லை. மண் உலர எடுத்துக்கொள்ளும் நாளை எந்தக் கால அட்டவணையும் குறைக்க முடியாது. பட்டத்துக்காகப் பட்டறை நேரத்தைச் சுருக்கும் கல்லூரி, ஹண்டர் காலத்துப் பிழையை மறுபுறமிருந்து செய்வதாகவே முடியும். அன்று கருத்தில்லாத கை வளர்ந்தது, இன்று கையில்லாத கருத்து வளரும்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டிய கலை

கலைக் கல்லூரியின் வரலாற்றோடு பிரிக்க முடியாதவர் பள்ளி ஓவிய ஆசிரியர். காலனிய ஆட்சியில் வேரூன்றிய அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை ஆகியவற்றில் தேறி, அதன் பின் தொழிலாசிரியர் சான்றிதழ் பெற்று, டிராயிங் மாஸ்டர் என்று ஊரார் அழைத்த பணியில் அமர்ந்தவர்கள் தமிழகமெங்கும் பல தலைமுறைகளாக இருந்தனர். கலைக் கல்லூரி என்று ஒன்று இருப்பதே பல சிற்றூர் மாணவர்களுக்கு அவர்கள் வாயிலாகத்தான் தெரியவந்தது.

அந்த இணைப்பு இன்று நைந்து கிடக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி அமைந்த வல்லுநர் குழு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும், அதுவும் பகுதிநேரக் கலைப் பயிற்றுநரை, வகுத்தது. அதன்படி 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். கலையைப் பல்கலைக்கழகத்தில் உச்சியில் ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பகுதிநேர வேலையாக வைத்திருப்பது அடித்தளமில்லாத மாடியைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

சென்னைக் கலைப் பள்ளியின் வரலாறு இரண்டு கடமைகளை இன்றைய தலைமுறையின் முன் வைக்கிறது. பட்டம் வழங்கும் கல்லூரிகள் பட்டறைக்கு உரிய நேரத்தையும், தபதியருக்கும் நெசவாளருக்கும் ஆசிரியர் இருக்கையையும் தர வேண்டும். தாளில் பட்டமில்லாத கைத்திறனை மதிக்கும் விதிகளை அவை வகுத்தாக வேண்டும். அரசு, ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவரை முழு ஊதியத்துடன் அமர்த்தி, நுண்கலைப் பட்டதாரிகளை அப்பணிக்கு அழைக்க வேண்டும். கலையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்வதற்கு இன்னொரு நூறாண்டு ஆகக் கூடாது.